ஒரு யூனிட்டின் விலை

2024 மே முதல் வாரத்தில் கேரளத்தின் மின்தேவை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. ஒரே நாளில் 11 கோடி யூனிட்டுக்கு மேல் செலவானது. இரவின் உச்ச நேரத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. பாலக்காடு மாவட்டத்துக்கு ஏப்ரல் கடைசியிலேயே வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்திருந்தது. வீடுதோறும் மின்விசிறியும் ஏசியும் விடிய விடிய ஓடியதில் துணைமின் நிலையங்கள் திணறின. மாநில மின்வாரியம் பாலக்காடு வட்டாரத்தில் மாலை 7 மணிக்கும் நள்ளிரவு 1 மணிக்கும் இடையில் விட்டு விட்டு மின்சாரத்தை நிறுத்தித்தான் நிலைமையைச் சமாளித்தது. கைக்குழந்தையும் வயோதிகரும் உள்ள வீடுகளில் மின்சாரம் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு நீளம் என்பதை அந்த இரவுகளில் இருந்தவர்கள் அறிவார்கள்.

இப்படியொரு கோடைக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுதான் எழும்: ஜெனரேட்டர் வாங்கிப் போடலாமா, இல்லை இப்போது வருகிற அந்த சோலார் பேட்டரிப் பெட்டியை வாங்கலாமா? ஒன்று கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர். நாற்பது ஆண்டுகளாகக் கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும் நாம் கேட்டுப் பழகிய சத்தம். மற்றது கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. உள்ளே லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் அடக்கம், மடித்து விரிக்கும் சோலார் தகட்டைச் செருகினால் வெயிலில் நிறையும். 'எது நல்லது?' என்று கேட்டால் விற்பவர் தன் கையில் இருப்பதைச் சொல்வார். எத்தனை வாட், எத்தனை மணி நேரம், வருடத்தில் எத்தனை நாள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் முடிவு தானாகவே வந்துவிடும் என்பது என் எண்ணம். பெருமாட்டியை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன். இந்தக் கேள்வியின் எல்லா முகங்களும் அந்த ஊரில் இருக்கின்றன.

பெருமாட்டி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கோரப் பஞ்சாயத்து. வண்டித்தாவளம், கன்னிமாரி, பிளாச்சிமடை, மீனாட்சிபுரம் என்று போய்க் கொண்டே இருந்தால் பொள்ளாச்சிப் பக்கம் வந்துவிடும். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் புழங்கும் எல்லை மண். மேற்குத் தொடர்ச்சி மலை உடைந்து வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருப்பதால் ஆடிக்காற்று தென்னைகளை வளைத்து அடிக்கும். மட்டை விழுந்து மின்கம்பி அறும். கேரளத்தின் மற்ற இடங்களில் கொட்டும் மழையில் ஒரு பங்குதான் இங்கே விழுகிறது. கிணறு ஆழமாகி, கொக்கரணி என்ற நீர்நிலையும் வற்றி, போர் போட்டு நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே இருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். தெற்கே மலையேறினால் பரம்பிக்குளம், ஆனைமலை, அதையும் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு. அங்கேயும் பாதிக்கு மேல் தமிழ் வாய்கள்தான்.

முதலில் அளவுகள். ஒரு கருவி அந்தந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறது என்பது வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஜெனரேட்டர் வாட்டுக்குப் பஞ்சமில்லாத சாதனம். பெட்ரோல் ஊற்ற ஊற்ற யூனிட்டும் வந்துகொண்டே இருக்கும். பேட்டரிப் பெட்டிக்கு இரண்டிலும் வரம்பு உண்டு. கடையில் '1000' என்று பெரிதாக எழுதியிருப்பது வாட்டா, வாட்-மணியா என்று பார்க்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் எடை. அதற்குள் ஏறத்தாழ 9 யூனிட் அளவுக்கு வெப்பம் அடங்கியிருக்கிறது. நல்ல லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் ஒரு யூனிட்டைச் சேமிக்க, பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோ ஆகிறது. எரிபொருளின் இந்த அடர்த்தியை வெல்ல இன்றைய பேட்டரி எதனாலும் முடியாது. ஆனால் அந்த 9 யூனிட்டும் கைக்கு வராது. சிறிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின் முழுச் சுமையில் ஓடும்போதுகூட வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். மீதி சைலன்சர் வழியாகவும் இன்ஜினின் தகடுகள் வழியாகவும் காற்றில் போகிறது. அப்படியும் லிட்டருக்கு ஒன்றரை யூனிட் கிடைக்கும். நான்கு கிலோகூட இல்லாத ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிப் போனால் ஏழரை யூனிட். அதே அளவைப் பேட்டரியில் கொண்டுபோக ஏழெட்டுப் பெட்டி வேண்டும், தூக்க ஆட்டோ வேண்டும்.

இதுவரை ஜெனரேட்டர் பக்கம்தான் தட்டு சாய்கிறது. 'முழுச் சுமையில்' என்று மேலே சொன்னேன் இல்லையா, நிலைமை மாறுவது அந்தச் சொல்லில்தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. இரு துருவ ஆல்டர்னேட்டர் அதைத் தர வேண்டுமானால் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றியே ஆக வேண்டும். ஒரு பல்பு எரிந்தாலும் சரி, மிக்சி ஓடினாலும் சரி, சுற்று குறையாது. தன் உராய்வை வெல்லவும் காற்றை இழுத்துத் தள்ளவும் இன்ஜின் செலவிடும் பெட்ரோல் ஏறக்குறைய நிலையானது. சுமை கால்பங்காகக் குறைந்தாலும் பெட்ரோல் செலவு பாதியாகக்கூடக் குறைவதில்லை. சுமைக்கு ஏற்பச் சுற்றைக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்கள் வந்திருக்கின்றன. அவை ஓரளவு மிச்சப்படுத்தும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

பெருமாட்டியில் ஒரு சாதாரண வீட்டின் இரவைக் கணக்கிடுவோம். இரண்டு மின்விசிறி, நான்கு எல்இடி பல்பு, ஒரு டிவி, வைஃபை. மின்விசிறிகள் பழையவை என்றால் ஒன்றுக்கு 75 வாட். மொத்தம் 250 வாட் அளவில் நிற்கும். 30 வாட்டில் ஓடும் புதிய பிஎல்டிசி விசிறி என்றால் மொத்தமே 165 வாட். மாலை 7 முதல் இரவு 1 வரை ஆறு மணி நேரம் முழுதாக மின்சாரம் போனாலும் ஒரு யூனிட்டில் முடிந்துவிடும். சில ஆயிரம் ரூபாயில் விசிறியை மாற்றினாலே பேட்டரி வாங்கும் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஏசி ஓடவேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒன்றரை டன் ஏசி ஒரு யூனிட் பெட்டியை ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும்.

இந்த 165 வாட்டுக்காகச் சின்ன ஜெனரேட்டரை ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு லிட்டர் பெட்ரோல் போகும். லிட்டர் 106 ரூபாய் என்று வைத்தால் அந்த ஒரு யூனிட்டின் விலை 200 ரூபாய்க்கு மேல். மின்வாரியம் அதே யூனிட்டைப் பத்து ரூபாய்க்குள் தருகிறது. மின்விசிறிக்கும் பல்புக்கும் ஜெனரேட்டர் ஓட்டுவது எரிபொருளை மண்ணில் கொட்டுவதுதான். அதே ஜெனரேட்டரில் மாரியம்மன் திருவிழாவுக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் 800 வாட்டில் போட்டால் யூனிட் 70 ரூபாய்க்கு வந்துவிடும். ஒரே சாதனம், ஒரே பெட்ரோல், மூன்று மடங்கு விலை வித்தியாசம். சுமை மட்டும்தான் வேறு.

பேட்டரிப் பெட்டியின் கணக்கு தலைகீழ். அதற்கு ஓட்டும் செலவு மிகக் குறைவு; விலை ஏறக்குறைய முழுவதும் வாங்கும் நாளிலேயே கொடுக்கப்படுகிறது. ஒரு யூனிட் பெட்டி 70,000 ரூபாய் என்றும் சின்ன ஜெனரேட்டர் 35,000 என்றும் வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு வைத்திருக்கிறோம். வருடத்தில் பத்து இரவுதான் மின்சாரம் போகிறது என்றால் நூறு யூனிட். ஜெனரேட்டருக்கு பெட்ரோலோடு சேர்த்து 55,000, பெட்டிக்கு வீட்டு மின்சாரத்திலேயே சார்ஜ் செய்தாலும் 71,000. ஜெனரேட்டர் மலிவு. வருடத்துக்கு இருபது இரவு என்றால் இரண்டும் 70,000 சொச்சத்தில் வந்து நிற்கும். அறுபது இரவு என்றால் ஜெனரேட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும், பெட்டி 76,000 ரூபாய் அளவிலேயே நிற்கும். விலைகள் மாறலாம், பேட்டரி விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் கணக்கின் வடிவம் மாறாது. சும்மா கிடக்கும் பேட்டரிதான் உலகிலேயே விலை கூடிய மின்சாரம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டை விட்டு நகராத தேவைக்கு இந்த இரண்டுமே வேண்டாம். நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் இதே வேலையை மூன்றில் ஒரு பங்கு விலையில் செய்கின்றன. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டும், பாதிக்கு மேல் வடித்தால் சீக்கிரம் சாகும். இவ்வளவு குறை இருந்தும் மூலையில் இருந்தபடி அது தன் வேலையைச் செய்கிறது. கையில் தூக்கும் பெட்டிக்கு அர்த்தம் வருவது, மின்சாரம் இல்லாத இடத்துக்கு அதைத் தூக்கிப் போகும்போதுதான்: தோப்பில் உள்ள காவல் கொட்டகை, சந்தைக் கடை, மின்கம்பி எட்டாத மலைக்குடியிருப்பு, மருத்துவ முகாம்.

பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியின் கதையில் நமக்குப் பெருமைப்படச் சில பெயர்கள் இருக்கின்றன. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பேட்டரியின் நேர்மின் முனையாக்கலாம் என்று 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக் கட்டுரையில் அக்ஷய பாதி, கே.எஸ். நஞ்சுண்டசுவாமி, ஜான் குட்இனஃப் மூவரின் பெயரும் உள்ளன. குட்இனஃபுக்கு 2019இல் லித்தியம் அயனி பேட்டரிக்காக நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. செல்போனில் உள்ள கோபால்ட் வகைப் பேட்டரி அளவுமீறிச் சூடானால் தன் படிகத்திலிருந்தே ஆக்சிஜனை விடுவிக்கும். தீக்கு வேண்டிய காற்று உள்ளேயே பிறந்துவிடும். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருக்கிறது, எளிதில் பிரிந்து வராது. கொஞ்சம் எடை கூடினாலும் வீட்டுக்குள் வைக்க அதுவே தக்கது. இரண்டாயிரம், மூவாயிரம் முறை நிறைத்து வடித்தாலும் பெரும்பங்கு கொள்ளளவு மிஞ்சும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த வேதியியல் என்பதுதான்.

ஆனால் பாலக்காட்டு வெயில் அதற்கும் எதிரிதான். இந்தப் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பல பெட்டிகள் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். ஏப்ரல் மதியம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் வெப்பம் 40ஐத் தாண்டும் ஊரில், சோலார் தகட்டின் பக்கத்திலேயே பெட்டியையும் வெயிலில் வைத்து 'சார்ஜ் ஏறவில்லை' என்று குறைப்பட்டுக்கொள்வது நடக்கும். தகடு வெயிலில், பெட்டி நிழலில், நடுவே நீளமான வயர். இதே பெட்டியை ஜனவரியில் மூணாறுக்குக் கொண்டுபோனால் எதிர்த்திசையில் சிக்கல். செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் சில அதிகாலைகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி உறைபனி படியும். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். நாலைந்து மணி நேரப் பயணத்துக்குள் இந்த இரண்டு எல்லையையும் தொட்டுவிடலாம் என்பது நம் மலைகளின் தனித்தன்மை.

சோலார் தகட்டுக்கும் வெயில் வேண்டும், வெப்பம் ஆகாது. 25 டிகிரியில் அளந்த திறனைத்தான் அதன் முதுகில் அச்சிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறையும். சித்தூர் வெயிலில் தகட்டின் உடல் 65 டிகிரிக்குப் போகும். 14 சதவீதம் அங்கேயே போயிற்று. தரையில் விரித்த கோணம், தூசி, தென்னை நிழல் எல்லாம் சேர்ந்து, 200 வாட் என்று வாங்கிய மடிப்புத் தகடு 140, 150 வாட் கொடுத்தால் நல்லது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் முக்கால் யூனிட் சேரும். ஒரு யூனிட் பெட்டி நிறைய ஒன்றரை நாள் ஆகும். ஆடி மாதத்து மேகமூட்டத்தில் இது பாதியாகும் நாட்களும் வரும். காற்றடித்து மின்கம்பி அறுவதும் அதே மாதங்களில்தான். ஆகவே கரண்டு இருக்கும்போதே சுவரில் செருகிப் பெட்டியை நிறைத்து வைப்பதும், தகட்டை நீண்ட நிறுத்தத்துக்குத் துணையாகக் கொள்வதும்தான் நடைமுறை.

பணக் கணக்கைக் கடந்து பெட்டி தன் மதிப்பைக் காட்டும் இடம் ஒன்று உண்டு. கேரளம் 2008இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் வழியாகச் செவிலியர் வீடுதேடி வரும் வழக்கம் கிராமங்கள் வரை பரவியிருக்கிறது. படுக்கையில் உள்ளவரின் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் 300 வாட் அளவில் இழுக்கும். மின்சாரம் போன கணத்தில் பேட்டரிப் பெட்டி இமைக்கும் நேரத்துக்குள் மாறிக்கொள்ளும், மூச்சு தடைபடாது. ஜெனரேட்டர் என்றால் யாராவது வெளியே ஓடிப்போய் கயிறு இழுக்க வேண்டும். வீட்டில் இருப்பது வயதான மனைவி மட்டும் என்றால் யார் இழுப்பது? ஒரு யூனிட் பெட்டி மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். அதற்குள் சிலிண்டரோ ஆம்புலன்ஸோ வர வேண்டும். இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கொடுத்து வாங்க ஒவ்வொரு பஞ்சாயத்தும் நாலைந்து பெட்டிகளை வைத்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். சும்மா கிடக்காமல் வீடுவீடாகச் சுற்றினால் மேலே சொன்ன விலைக் கணக்கும் சரியாகிவிடும்.

பெரிய பேரிடரில் நிலைமை வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டாவின் உள்கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அப்போது மக்கள் முதலில் தேடியது விளக்கை இல்லை, குடிநீரை. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி, வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து, மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். 30,000 லிட்டர் தொட்டியை 60 மீட்டர் கீழிருந்து நிரப்ப எவ்வளவு ஆற்றல் வேண்டும்? எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கினால் 5 யூனிட் வருகிறது. மோட்டாரும் பம்பும் பாதிக்கு மேல் வீணாக்கும் என்பதால் 11 யூனிட் என்று கொள்ளலாம். டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு 3 யூனிட் தரும். நான்கு லிட்டர் டீசலில் ஊர் முழுவதற்கும் தண்ணீர். அந்த வேலைக்குப் பேட்டரிப் பெட்டிகளை அடுக்கினால் ஏழெட்டு லட்சம் ரூபாய் ஆகும். செல்போனுக்கு உயிர் கொடுக்கவும், முகாமில் விளக்கு எரியவும், சர்க்கரை நோயாளியின் இன்சுலின் குளிர்ந்திருக்கவும் பெட்டி. தண்ணீர் இறைக்க டீசல். அதே ஆண்டு ஆகஸ்டில் மண்சரிவால் நெல்லியாம்பதி துண்டிக்கப்பட்டபோது, சாலையே இல்லாத மலைக்கு எரிபொருள் எப்படிப் போகும் என்ற கேள்வியும் எழுந்தது. டீசல் சாலையை நம்பியிருக்கிறது. வெயிலுக்குச் சாலை வேண்டாம்.

பம்ப் என்றதும் இன்னொரு விஷயம். ஒரு ஹெச்பி நீர்மூழ்கி மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட் எடுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் நாலைந்து மடங்கு இழுக்கும். நின்றிருக்கும் சுழலி சுற்றத் தொடங்கும்வரை மோட்டாரின் சுருளில் எதிர்மின்னழுத்தம் பிறப்பதில்லை, அதனால் மின்னோட்டத்தைத் தடுப்பார் இல்லை. ஆயிரம் வாட் பெட்டி அந்த நொடியைத் தாங்காமல் அணைந்துவிடும். பெருமாட்டித் தோப்புகளில் இருப்பதோ ஐந்து, ஏழரை ஹெச்பி த்ரீ பேஸ் மோட்டார்கள். கையில் தூக்கும் எந்தப் பெட்டியும் அவற்றின் பக்கத்தில் போக முடியாது. மறையூரில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும் அப்படித்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வெல்லத்துக்குக் கரும்பைப் பிழியும் உருளைகளை மணிக்கணக்கில் சுழற்றப் பல ஹெச்பி வேண்டும். மின்இணைப்போ இன்ஜினோ இல்லாமல் ஆகாது.

ஆனால் பாசனத்துக்கு வேறொரு வழி இருக்கிறது, அதில் பேட்டரியே வேண்டாம். மின்சாரத்தைச் சேமித்து வைத்துப் பிறகு தண்ணீர் இறைப்பதை விட, வெயில் இருக்கும்போதே இறைத்துத் தண்ணீரைச் சேமித்து வைக்கலாம். ஐந்து ஹெச்பி சோலார் பம்புக்கு 4,800 வாட் தகடு தருகிறார்கள். அதன் கண்ட்ரோலர் மோட்டாரை மெதுவாகச் சுற்றத் தொடங்கி வெயில் ஏற ஏற வேகம் கூட்டும் என்பதால் கிளம்பும் நேரத்து இழுப்பும் கிடையாது. 300 அடி ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து 0.6 யூனிட் போதும். நல்ல வெயில் நாளில் முப்பதாயிரம் லிட்டர் வந்துவிடும். சொட்டுநீரில் ஒரு தென்னைக்கு நாளுக்கு 50 லிட்டர் என்றால் அறுநூறு மரத்துக்குப் போதும். மேலே ஒரு தொட்டி கட்டிவிட்டால் மாலையிலும் வால்வைத் திறக்கலாம். சிமென்ட் தொட்டிக்கு ஆயுள் முப்பது ஆண்டு, வெப்பம் அதை ஒன்றும் செய்யாது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவும் அழுத்தமாகவும் சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் பற்றோடு ஒட்டிக்கொள்ளும். தலை சுற்றும், தூக்கம் வரும், எழ முடியாது. கடைக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு ஜெனரேட்டர் ஓட்டித் தூங்கியவர்கள் விடியாமலே போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். திண்ணை, கார் ஷெட், ஜன்னலோரம் எதுவும் போதாது. திறந்த வெளியில், வீட்டுக் காற்றோட்டத்துக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அடுத்தது, ஜெனரேட்டரின் வயரை வீட்டு பிளக்கில் செருகி வீடு முழுவதும் எரிய விடும் பழக்கம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இதைச் செய்தால் மின்சாரம் மீட்டர் வழியே வெளியேறி, டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட்டாகக் கம்பியில் நிற்கும். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அதைத் தொடுவார். பேட்டரிப் பெட்டியை வீட்டு வயரிங்கில் இணைத்தாலும் இதே ஆபத்துதான். மழையில் நனைந்தபடி நமக்காகக் கம்பம் ஏறுகிறவரின் உயிர் அந்தச் சின்னச் சுவிட்சில் இருக்கிறது.

பராமரிப்பிலும் ஒரு வேறுபாடு. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்த ஜெனரேட்டர் தேவைப்படும் இரவில்தான் கிளம்பாது. இப்போது வரும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும். தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுவதும், நீண்ட நாள் வைக்கும்போது டேங்கை வடிப்பதும் அவசியம். பேட்டரிப் பெட்டியைப் பாதிக்கு மேல் சார்ஜில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். முழுவதும் வடிந்த நிலையில் மறந்துவிட்டால் மட்டும் அது திரும்பி உயிர் பெறாது.

இனி, இந்த ஊரைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் கவலை தருவது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். இந்தப் பக்கம் கேரளத்திலும் சிறு விவசாயியின் மின்கட்டணத்தை விவசாயத் துறை கட்டுகிறது. 2019இல் வந்த பிஎம் குசும் திட்டம் தனித்து நிற்கும் சோலார் பம்புக்கு மத்திய அரசிடமிருந்து 30 சதவீதம், மாநிலத்திடமிருந்து 30 சதவீதம் என்று மானியம் தருகிறது. டீசல் இன்ஜின் புகை நிற்பது நல்லதுதான். ஆனால் டீசலுக்குப் பணம் கொடுத்தவரை விவசாயி மோட்டாரை அளவோடு ஓட்டினார்; தண்ணீர் பாய்ந்ததும் நிறுத்தினார். வெயிலுக்கு மீட்டர் இல்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை பம்ப் ஓடினாலும் ஒரு ரூபாய் கூடாது. பெருமாட்டி அடங்கிய சித்தூர் வட்டாரத்தையோ, மத்திய நிலத்தடி நீர் வாரியம் பல கணக்கெடுப்புகளில் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட வட்டாரம் என்று வகைப்படுத்தியிருக்கிறது.

நிலத்தடி நீர் இறங்கினால் என்ன ஆகும் என்று இந்தப் பஞ்சாயத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2000இல் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் வற்றுகின்றன, மிஞ்சிய தண்ணீரும் வாயில் வைக்க ஆகவில்லை என்று 2002 ஏப்ரலில் ஆதிவாசிப் பெண்கள் முன்னின்று போராட்டத்தைத் தொடங்கினார்கள். இரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். 2003இல் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அப்படிக் காப்பாற்றிய தண்ணீரை ஆயிரம் தோப்புகளின் இலவச வெயில் மோட்டார்கள் சேர்ந்து காலி செய்துவிடக் கூடாது.

இதற்கு விடை தேடிய ஊர் ஒன்று இருக்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்து விவசாயிகள், இலங்கையைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, சோலார் பம்ப் வைத்திருப்போரின் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2016இலிருந்து, பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். வாரியம் யூனிட்டுக்கு 4.63 ரூபாய் கொடுத்தது. அதற்கு மேல் அந்த நிறுவனம் பசுமை மின்சாரத்துக்காக 1.25 ரூபாயும், தண்ணீரை நிலத்திலேயே விட்டுவைத்ததற்காக இன்னொரு 1.25 ரூபாயும் சேர்த்துக் கொடுத்தது. மோட்டாரை நிறுத்தினால் வருமானம் என்றானதும் இறைப்பதற்கு ஒரு விலை வந்துவிட்டது. மின்இணைப்புள்ள பம்புகளைச் சோலாருக்கு மாற்றி உபரியை வாரியத்துக்கு விற்கும் பிரிவு குசும் திட்டத்திலும் உண்டு. கேரளத்தில் அதை மாநில அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையான அனெர்ட் செய்கிறது. சித்தூர் வட்டாரத்துத் தோப்புகளுக்குத் தனித்து நிற்கும் பம்பைக் கொடுப்பதை நிறுத்தி, இந்தப் பிரிவை மட்டும், அதுவும் தண்ணீரை விட்டுவைப்பதற்கான அந்த இரண்டாவது 1.25 ரூபாயையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று பெருமாட்டி கேட்க வேண்டும். உரிமத்தை மறுத்த பஞ்சாயத்துக்கு அதைக் கேட்கும் தகுதி இருக்கிறது.